இம்பீச்மென்ட் என்றால் பதவி நீக்கமா?

பார்லிமென்ட் கூட்டத்தொடர் நடக்கும் வாரங்களில் டெல்லியில் இந்தி சேனலைப் போட்டால் 'மஹாபியோக்' என்பார்கள். ஆங்கில சேனலில் அதே செய்தி 'இம்பீச்மென்ட்'. ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் தமிழ்ச் செய்தியில் 'பதவி நீக்கத் தீர்மானம்'. ஓல்ட் ராஜேந்தர் நகரிலும் கரோல் பாக்கிலும் அறை எடுத்துத் தங்கி சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படிக்கும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர் இந்த மூன்றுக்கும் நடுவே சமக்குறி போட்டு நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். அந்த வரி தவறு. தேர்வில் ஒன்றிரண்டு மதிப்பெண் போவதோடு முடிகிற தவறும் இல்லை. நாடாளுமன்றத்தில் ஒரு நோட்டீஸ் கொடுத்த அன்றைக்கே "அவர் பதவி போயிடுச்சாமே" என்று பேச்சு கிளம்பிவிடுகிறது. நோட்டீஸுக்கும் நாற்காலி காலியாவதற்கும் நடுவில் எத்தனை படி இருக்கிறது, வழக்கமாக எந்தப் படியில் அது நின்றுபோகிறது என்று தெரிந்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள்.

இம்பீச்மென்ட் என்பது குற்றச்சாட்டு. நீக்கம் அதற்குப் பிறகு வரலாம், வராமலும் போகலாம்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'பெஸ்' என்றால் கால், 'பெடிகா' என்றால் கால்விலங்கு, 'இம்பெடிகாரே' என்றால் விலங்கு மாட்டுவது. அது பழைய பிரெஞ்சில் உருமாறி 'தடுப்பது' என்ற பொருளைப் பெற்றது. இன்றைய பிரெஞ்சிலும் 'எம்பெஷே' என்ற வினைக்குத் தடு என்றுதான் பொருள். இங்கிலாந்துக்குப் போன இடத்தில்தான் பொருள் திரும்பியது. அங்கே நீதிமன்ற எழுத்தர்கள் ஆவணங்களை லத்தீனில் எழுதினார்கள். தாக்குவது, குற்றம் சாட்டுவது என்ற பொருளுள்ள 'இம்பெடெரே' என்ற வேறொரு லத்தீன் சொல்லை இதற்கு ஈடாகப் போட்டார்கள். ஒலி ஒத்துப்போனது, பொருளும் ஒட்டிக்கொண்டது. தடுப்பது என்ற சொல், குற்றம் சாட்டுவது என்று ஆனது இப்படித்தான்.

நம் பக்கத்தில் 'பதவி' என்ற சொல்லைப் பாருங்கள். அதுவும் கால்தான். சமஸ்கிருதத்தில் 'பத' என்றால் அடி, பாதம். 'பதவீ' என்றால் முதலில் காலடித் தடம், வழி. பிறகு ஒருவர் போய்ச் சேர்ந்த நிலை, அந்தஸ்து. லத்தீன் 'பெஸ்'ஸும் சமஸ்கிருத 'பத'வும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்த உறவுக்காரச் சொற்கள். ஒன்று காலடியில் தொடங்கி நாற்காலி வரை ஏறியது, மற்றது அதே காலுக்கு விலங்கானது. 'நீக்கம்' மட்டும் முழுக்க நம்முடையது.

இந்தியில் வழங்கும் மஹாபியோக் குற்றச்சாட்டு என்ற பொருளை விட்டுவிடவில்லை. 'அபியோகம்' என்றால் குற்றச்சாட்டு. முன்னால் 'மஹா' சேர்த்துப் பெரிய குற்றச்சாட்டு. அரசியலமைப்பின் இந்திப் பதிப்பில் 61-ஆம் பிரிவில் இருப்பதும் இந்தச் சொல்தான். இலங்கைத் தமிழர்களின் சொல் இன்னும் துல்லியம்: 'குற்றப்பிரேரணை'. 2013 ஜனவரியில் இலங்கைத் தலைமை நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க மீது நாடாளுமன்றம் நிறைவேற்றியதை யாழ்ப்பாண, கொழும்புப் பத்திரிகைகள் அப்படித்தான் எழுதின. தமிழ்நாட்டில் நாம் எழுதும் 'பதவி நீக்கத் தீர்மானம்' முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறது. குற்றச்சாட்டும் விசாரணையும் சொல்லிலிருந்தே மறைந்துபோகின்றன. சில பத்திரிகைகள் எழுதும் 'கண்டனத் தீர்மானம்' இன்னும் குழப்பம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். குற்றப்பிரேரணை என்ற சொல்லை நாமும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் உறுதியான கருத்து.

இந்த நடைமுறை பிறந்தது 1376-இல். மூன்றாம் எட்வர்டின் கடைசிக் காலம், வெஸ்ட்மின்ஸ்டரில் கூடிய நாடாளுமன்றம். அரசரை யாரும் தொட முடியாது. ஆனால் அரசரைச் சுற்றியிருந்தவர்கள் கஜானாவைக் காலி செய்கிறார்கள் என்று கீழவை உறுப்பினர்கள் ஒன்றாகக் கூடிக் குற்றம் சாட்டினார்கள். மேலவைப் பிரபுக்கள் விசாரித்தார்கள். அரண்மனை அதிகாரியாக இருந்த வில்லியம் லாடிமர் பிரபுதான் இப்படிக் குற்றம் சாட்டப்பட்ட முதல் ஆள். பதவி போனது, சிறையும் அபராதமும் கிடைத்தன. கொஞ்ச காலத்திலேயே மன்னிப்பும் கிடைத்தது. கீழவை குற்றம் சாட்டும், மேலவை தீர்ப்புச் சொல்லும் என்ற அந்தப் பிரிவினைதான் இன்று வரை பல நாட்டு இம்பீச்மென்ட்டுக்கும் எலும்புக்கூடு.

அந்த வரலாற்றில் நமக்கு நெருக்கமான வழக்கு வாரன் ஹேஸ்டிங்ஸுடையது. வங்காளத்தின் கவர்னர் ஜெனரல் ஆவதற்கு முன் அவர் சென்னைக் கோட்டையில் கவுன்சில் உறுப்பினராக இருந்தவர். கீழவை உறுப்பினர் எட்மண்ட் பர்க் முன்நின்று நடத்த, 1787-இல் கீழவை அவர் மீது குற்றம் சாட்டியது. 1788 பிப்ரவரியில் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் தொடங்கிய விசாரணை 1795 ஏப்ரலில்தான் முடிந்தது. ஏழு வருடம். கடைசியில் விடுதலை. அதாவது ஹேஸ்டிங்ஸ் இம்பீச் செய்யப்பட்டார், ஆனால் தண்டிக்கப்படவில்லை. பதவியிலிருந்து நீக்கவும் ஏதுமில்லை, ஏனென்றால் 1785-லேயே அவர் பதவியை விட்டுவிட்டு ஊர் திரும்பியிருந்தார். இம்பீச்மென்ட் வேறு, நீக்கம் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அதே 1787-இல் கடலுக்கு அந்தப்பக்கம் பிலடெல்பியாவில் அமெரிக்க அரசியலமைப்பை எழுதிக்கொண்டிருந்தார்கள். இம்பீச்மென்ட்டுக்கு என்னென்ன காரணம் என்ற விவாதத்தில் தேசத்துரோகம், லஞ்சம் இரண்டு மட்டும் போதாது என்று ஜார்ஜ் மேசன் வாதாடினார். அதற்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டு ஹேஸ்டிங்ஸ் வழக்குதான்: அவர் மீது தேசத்துரோகக் குற்றச்சாட்டு கிடையாது, ஆனால் செய்ததாகச் சொல்லப்பட்டது சாதாரணக் குற்றமும் இல்லை. அதன் விளைவாகத்தான் 'பெருங்குற்றங்களும் தவறான நடத்தைகளும்' என்ற சொற்றொடர் அந்த அரசியலமைப்பில் ஏறியது. வங்காளத்தில் நடந்தது வாஷிங்டனில் இன்றும் வாதாடப்படும் ஒரு வரியாக நிற்கிறது.

அமெரிக்காவில் பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையில் குற்றம் சாட்டும். அந்த நிமிடமே 'இம்பீச் செய்யப்பட்டார்' என்று எழுதலாம், சரிதான். செனட்டில் வந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால்தான் நீக்கம். ஆண்ட்ரூ ஜான்சனுக்கு 1868-இல் 36 ஓட்டு தேவைப்பட்ட இடத்தில் 35 விழுந்தது; ஒரு ஓட்டில் தப்பினார். கிளின்டன் 1999-இல் தப்பினார். டிரம்ப் இரண்டு முறை இம்பீச் செய்யப்பட்டு இரண்டு முறையும் செனட்டில் தப்பினார். 2021-இல் 67 தேவை, கிடைத்தது 57. நிக்சனோ சபையின் முழு ஓட்டெடுப்பு வரும் முன்பே 1974 ஆகஸ்டில் ராஜினாமா செய்துவிட்டார். ஆக, இம்பீச்மென்ட்டால் பதவி இழந்த அமெரிக்க ஜனாதிபதி இதுவரை ஒருவரும் இல்லை. தென்கொரியாவில் ஏற்பாடு வேறு. சபை மூன்றில் இரண்டு பங்கில் நிறைவேற்றினால் ஜனாதிபதியின் அதிகாரம் உடனே நிறுத்தி வைக்கப்படும், தீர்ப்பு அரசியலமைப்பு நீதிமன்றத்துடையது. யூன் சுக் யோல் மீது 2024 டிசம்பர் 14-இல் தீர்மானம் நிறைவேறியது. அவர் உண்மையில் பதவி இழந்தது 2025 ஏப்ரல் 4-இல். நடுவிலிருந்த மாதங்களில் 'பதவி நீக்கப்பட்ட ஜனாதிபதி' என்று எழுதிய தமிழ்ச் செய்திகள் எல்லாமே பிழை.

இனி இந்தியா. நம் அரசியலமைப்பின் ஆங்கில மூலத்தில் 'இம்பீச்மென்ட்' என்ற சொல் குடியரசுத் தலைவருக்கு மட்டுமே உரியது. 61-ஆம் பிரிவு. காரணம் ஒன்றே ஒன்று: அரசியலமைப்பை மீறியது. எது மீறல் என்ற விளக்கம் அங்கே தரப்படவில்லை. படிகள் இப்படி: எந்த அவை வேண்டுமானாலும் தொடங்கலாம். அந்த அவையின் மொத்த உறுப்பினர்களில் நான்கில் ஒரு பங்குப் பேர் கையெழுத்திட்ட நோட்டீஸ் வேண்டும். மக்களவையில் 543-க்கு 136 பேர், மாநிலங்களவையில் 245-க்கு 62 பேர். நோட்டீஸ் கொடுத்து 14 நாள் கழித்துத்தான் தீர்மானத்தைக் கொண்டுவரலாம். அது நிறைவேற மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்: மக்களவையில் 362, மாநிலங்களவையில் 164. இந்த இடத்தில் நடந்திருப்பது குற்றச்சாட்டு, அதாவது இம்பீச்மென்ட். அடுத்து மற்ற அவை விசாரிக்கும். குடியரசுத் தலைவர் நேரில் வரலாம், வக்கீல் வைத்துக்கொள்ளலாம். விசாரித்த அவையும் தன் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோடு 'குற்றச்சாட்டு உறுதியானது' என்று தீர்மானித்தால், அந்த நாளிலிருந்தே பதவி போகும்.

இங்கே பிள்ளைகள் தடுமாறுவது இரண்டு இடத்தில். ஒன்று, யாருக்கு ஓட்டு. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது மாநில எம்.எல்.ஏ.க்களுக்கு ஓட்டு உண்டு, மாநிலங்களவையின் 12 நியமன உறுப்பினர்களுக்குக் கிடையாது. நீக்கும்போது நேர் எதிர்: எம்.எல்.ஏ.க்களுக்கு இடமில்லை, நியமன உறுப்பினர்களுக்கு ஓட்டு உண்டு. இரண்டு, விசாரணைக் காலம். கொரியா மாதிரி இங்கே இடைநிறுத்தம் இல்லை. முடிவு வரும்வரை அவர் முழு அதிகாரத்தோடு ராஷ்டிரபதி பவனிலேயே இருப்பார். இந்தப் பிரிவு இதுவரை ஒருமுறைகூடப் பயன்படுத்தப்படவில்லை.

நீதிபதிகள் விஷயத்துக்கு வந்தால் சொல்லே மாறுகிறது. உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு 124-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு. உயர் நீதிமன்ற நீதிபதிக்கு 217, 218 வழியாக அதே முறை. அங்கே எழுதியிருப்பது 'நீக்கம்' மட்டுமே. தொலைக்காட்சியில் 'நீதிபதி மீது இம்பீச்மென்ட்' என்று சொல்வது பழக்கத்தால் வந்த பேச்சு. காரணங்கள் இரண்டு: நிரூபிக்கப்பட்ட தவறான நடத்தை, அல்லது இயலாமை. 'நிரூபிக்கப்பட்ட' என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் 1968-இல் நீதிபதிகள் விசாரணைச் சட்டம் வந்தது. மக்களவையில் 100 பேர் அல்லது மாநிலங்களவையில் 50 பேர் கையெழுத்திட வேண்டும். சபாநாயகரோ மாநிலங்களவைத் தலைவரோ அதை ஏற்கலாம், நிராகரிக்கலாம். ஏற்றால் மூவர் குழு: உச்ச நீதிமன்றத்திலிருந்து ஒருவர், உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி ஒருவர், சட்ட அறிஞர் ஒருவர். குழு குற்றச்சாட்டுகளை வரையறுத்து எழுதி, சாட்சி விசாரித்து அறிக்கை கொடுக்கும். குற்றமில்லை என்று குழு சொன்னால் கதை அங்கேயே முடிந்தது. அவைக்கு ஓட்டெடுப்பே வராது. குற்றம் உண்டு என்றால்தான் அவைகள் ஓட்டுப் போடும். இரண்டு அவைகளும் ஒரே கூட்டத்தொடரில் நிறைவேற்ற வேண்டும். அதன் பிறகு குடியரசுத் தலைவரின் ஆணை.

ஓட்டுக் கணக்கில் இரட்டைப் பூட்டு இருக்கிறது. மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் வேண்டும். கூடவே, வந்திருந்து ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் தீர்மானம் தோற்றுவிடும். இதைப் புத்தகத்தில் படித்தால் மனதில் நிற்காது. நிற்க வைப்பது வி. ராமசாமி வழக்கு.

சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து, பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாகி, 1989-இல் உச்ச நீதிமன்றம் வந்தவர் ராமசாமி. சண்டிகரில் இருந்தபோது அதிகாரபூர்வ வீட்டுக்கும் தளவாடங்களுக்கும் செய்த செலவுதான் குற்றச்சாட்டுகளின் மையம். 1991-இல் மக்களவை உறுப்பினர்கள் 108 பேர் கையெழுத்திட்டார்கள். மார்ச் 12-இல் சபாநாயகர் ரபி ராய் ஏற்று, மூவர் குழு அமைத்தார்: நீதிபதி பி.பி. சாவந்த், பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி பி.டி. தேசாய், ஓய்வு பெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி. மறுநாளே மக்களவை கலைந்தது. அவை கலைந்தால் அதன் முன்னிருந்த தீர்மானங்களும் செத்துப்போகும் என்பது பொது விதி. இதுவும் செத்ததா? இல்லை, 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தொடங்கியதால் உயிரோடுதான் இருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு அக்டோபரில் தீர்ப்பளித்தது. குழு வேலையைத் தொடர்ந்து, 14 குற்றச்சாட்டுகளில் 11 நிரூபணமானதாக அறிக்கை தந்தது.

1993 மே 10, 11. சோம்நாத் சாட்டர்ஜி தீர்மானத்தை முன்மொழிந்தார். அவையின் நுழைவாயில் பக்கத்தில் 'பார்' என்று ஒரு கம்பித் தடுப்பு உண்டு. உறுப்பினர் அல்லாதவர் அதைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. அங்கே நின்று, ராமசாமிக்காகக் கபில் சிபல் மணிக்கணக்கில் வாதாடினார். பிறகு ஓட்டெடுப்பு. மக்களவையில் ஒவ்வொரு இருக்கையிலும் மூன்று நிறப் பொத்தான்கள் உண்டு: ஆதரவுக்குப் பச்சை, எதிர்ப்புக்குச் சிவப்பு, ஒதுங்குவதற்கு மஞ்சள். முடிவு வந்தபோது ஆதரவு 196. எதிர்ப்பு பூஜ்யம். ஒதுங்கியவர்கள் 205.

இப்போது கணக்கைப் போடுங்கள். ஒதுங்கியவர் 'வந்திருந்து ஓட்டுப் போட்டவர்' கணக்கில் வர மாட்டார். எனவே இரண்டாவது பூட்டுக்குப் போட்ட ஓட்டு 196, அத்தனையும் ஆதரவு. நூற்றுக்கு நூறு, பூட்டு திறந்துவிட்டது. முதல் பூட்டில் வந்து நின்றது. அன்று மக்களவையின் மொத்தப் பலம், ஆங்கிலோ–இந்திய நியமன உறுப்பினர் இருவரையும் சேர்த்து 545. பாதிக்கு மேல் என்றால் 273. 196 எங்கே, 273 எங்கே. ஒரு ஓட்டுகூட எதிர்த்து விழாமல் தீர்மானம் தோற்றது. ஒதுங்கியவர்களில் பெரும்பாலோர் அன்றைய ஆளுங்கட்சியான காங்கிரஸும் அதன் தோழமைக் கட்சிகளும். மொத்தப் பலம் என்று வரும் இடங்களில் எல்லாம் மஞ்சள் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் ஒன்றே. காலி இடங்களும் அப்படித்தான். மொத்தத்தில் அவை கழிக்கப்படுவதில்லை. 2020 ஜனவரியில் ஆங்கிலோ–இந்திய நியமனம் முடிவுக்கு வந்ததால் இன்றைய கணக்கு 543-க்கு 272. மாநிலங்களவையில் 245-க்கு 123. பழைய நோட்ஸில் 273 என்று இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான வழக்குகள் ஓட்டுவரை வருவதில்லை. நடுவழியில் ராஜினாமாவில் முடிகின்றன. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து கர்நாடகத் தலைமை நீதிபதியாகப் போன பி.டி. தினகரன் மீது 2009 டிசம்பரில் மாநிலங்களவையில் நோட்டீஸ் ஏற்கப்பட்டது; குழு விசாரணை முடிவதற்குள் 2011 ஜூலையில் அவர் ராஜினாமா செய்தார். கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி சௌமித்ர சென், 2011 ஆகஸ்டில் மாநிலங்களவையின் 'பார்' முன் நின்று தனக்காகத் தானே வாதாடினார். 189 பேர் ஆதரவோடு தீர்மானம் அங்கே நிறைவேறியது. மக்களவைக்கு வரும் முன், செப்டம்பர் 1-இல் ராஜினாமா. இரண்டு அவைகளில் ஓர் அவையையாவது தாண்டியது அவர் வழக்குதான். இன்னொரு முடிவு, வாசலிலேயே திருப்பி அனுப்புவது. 2018 ஏப்ரல் 20-இல் தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா மீது கொடுத்த நோட்டீஸை, மாநிலங்களவைத் தலைவர் வெங்கைய நாயுடு 23-ஆம் தேதியே நிராகரித்தார். கையெழுத்து எண்ணிக்கையில் அங்கே குறையில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தாலும் ஏற்பது அவைத்தலைவரின் முடிவு என்பதால், '50 பேர் கையெழுத்துப் போட்டாச்சு' என்ற செய்திக்கு மேலே எதையும் ஊகிக்கக் கூடாது.

தலைமைத் தேர்தல் ஆணையரையும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரையும் நீக்குவது உச்ச நீதிமன்ற நீதிபதி முறையில்தான். துணைக் குடியரசுத் தலைவருக்கு 67-ஆம் பிரிவு: தீர்மானம் மாநிலங்களவையில்தான் தொடங்க வேண்டும், அப்போதைய உறுப்பினர்களில் பெரும்பான்மை நிறைவேற்ற, மக்களவை ஒப்புக்கொள்ள வேண்டும். 'அப்போதைய' என்றால் காலி இடங்களைக் கழித்து. நீதிபதி கணக்குக்கும் இதற்கும் வித்தியாசம் அதுதான். சபாநாயகருக்கும் அதே 'அப்போதைய' கணக்கு, 14 நாள் நோட்டீஸ். தன்னை நீக்கும் தீர்மானம் விவாதத்தில் இருக்கும்போது அவர் தலைமை தாங்க முடியாது. ஆனால் பேசலாம், முதல் சுற்றிலேயே ஓட்டும் போடலாம். வழக்கமாக அவருக்கு உள்ள, சமநிலை வந்தால் போடும் ஓட்டு மட்டும் அன்று கிடையாது. 1954 டிசம்பரில் முதல் சபாநாயகர் மாவ்லங்கர் மீதே அப்படி ஒரு தீர்மானம் வந்து தோற்றது. ஆளுநருக்கு இந்த எண்கள் எதுவும் இல்லை. குடியரசுத் தலைவர் விரும்பும்வரை பதவி. ஆனால் காரணமே இல்லாமல் தான்தோன்றித்தனமாக எடுத்துவிட முடியாது என்று 2010-இல் பி.பி. சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கண்டனத் தீர்மானம் பற்றிப் பின்னால் சொல்கிறேன் என்றேன். நாடாளுமன்றத்தில் அந்தப் பெயருக்குரிய வேறொரு தீர்மானம் இருக்கிறது. ஓர் அமைச்சரையோ மொத்த அமைச்சரவையையோ கண்டிப்பது, காரணத்தை எழுத்தில் சொல்லித்தான் ஆக வேண்டும், நிறைவேறினாலும் யாரும் பதவி விலகும் சட்டக் கட்டாயம் இல்லை. நம்பிக்கையில்லாத் தீர்மானம் இதற்கு மறுபக்கம். காரணம் சொல்ல வேண்டாம், மொத்த அமைச்சரவை மீது மட்டுமே வரும், மக்களவையில் மட்டுமே வரும், நிறைவேறினால் அரசு போயே ஆக வேண்டும். மக்களவை விதி 198: நோட்டீஸ் காலை 10 மணிக்குள், 50 பேர் எழுந்து நின்று ஆதரவு காட்ட வேண்டும், அனுமதி கிடைத்தால் 10 நாளுக்குள் விவாதம். இப்படி இம்பீச்மென்ட்டோடு சேர்த்து வெவ்வேறு விளைவுள்ள மூன்று தீர்மானங்கள் இருக்க, இம்பீச்மென்ட்டையும் கண்டனத் தீர்மானம் என்று எழுதினால் படிப்பவர் என்ன செய்வார்?

நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைத்தான் ஊரில் 'ஆட்சிக் கவிழ்ப்பு' என்போம். முதலில் வந்தது 1963 ஆகஸ்டில், நேரு அரசு மீது ஆச்சார்ய கிருபளானி கொண்டுவந்தது. 62-க்கு 347 என்று தோற்றது. அதன் பிறகு எத்தனையோ வந்தும், நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின் ஓட்டெடுப்பில் தோற்று எந்த மத்திய அரசும் விழவில்லை. மொரார்ஜி தேசாய் 1979-இல் ஓட்டெடுப்புக்கு முன்பே விலகினார். விழுந்தவை எல்லாம் தாங்களே கொண்டுவந்த நம்பிக்கைத் தீர்மானத்தில்தான்: வி.பி. சிங் 1990 நவம்பரில், தேவகவுடா 1997 ஏப்ரலில், வாஜ்பாய் 1999 ஏப்ரல் 17-இல் 269-க்கு 270. வாஜ்பாய் விஷயத்தில் அ.தி.மு.க. ஆதரவை விலக்கியதால்தான் அந்த ஓட்டெடுப்பே வந்தது என்பதால், டெல்லியில் இன்றும் பழைய ஆட்கள் நம்மைப் பார்த்தால் அந்த ஒரு ஓட்டை நினைவுபடுத்துவார்கள்.

'கலைப்பு' இன்னொன்று. "ஆட்சியைக் கலைத்தார்கள்" என்பது தமிழ்நாட்டுப் பேச்சு. 1976 ஜனவரி 31, 1980 பிப்ரவரி 17, 1988 ஜனவரி 30, 1991 ஜனவரி 30 என்று நாலு தேதி நம் வீட்டுப் பெரியவர்களுக்கு மனப்பாடம். சட்டப்படி கலைவது சட்டமன்றம், நீக்கப்படுவது அமைச்சரவை. குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவரும் 356-ஆம் பிரிவில் இரண்டும் ஒன்றாக நடந்ததால் பேச்சிலும் ஒன்றாகிவிட்டது. 1991-இல் ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தார். 356-இல் 'ஆளுநரின் அறிக்கை கிடைத்தோ அல்லது வேறு வகையிலோ' என்று இருக்கும் அந்த 'வேறு வகை'யை வைத்து மத்திய அரசு நடவடிக்கை எடுத்தது. 1989-இல் கர்நாடகத்தில் நீக்கப்பட்ட எஸ்.ஆர். பொம்மை தொடுத்த வழக்கில் 1994 மார்ச் 11-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு கலைப்பையும் நீக்கத்தையும் பிரித்தது. பிரகடனத்தை நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஏற்கும்வரை சட்டமன்றத்தைக் கலைக்கக் கூடாது, நிறுத்திவைக்க மட்டுமே செய்யலாம். பெரும்பான்மை யாருக்கு என்பதை ஆளுநர் மாளிகையில் தலை எண்ணித் தீர்மானிக்கக் கூடாது, சட்டமன்றத்துக்குள்தான் தீர்மானிக்க வேண்டும். இன்று கலைப்பு அபூர்வமாகிவிட்டதற்கு இந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆட்சியை நீக்குவதை இந்தி செய்தியில் 'பர்காஸ்த்' என்பார்கள். பாரசீகத்தில் அதற்கு 'எழுந்தது' என்று பொருள். சபை எழுந்தது, கலைந்தது என்பதிலிருந்து வேலையை விட்டு எடுத்தார்கள் என்பது வரை வந்திருக்கிறது. ராஜினாமாவும் பாரசீகம்தான், ஆனால் அது டெல்லியில் வேலைக்கு ஆகாது. 'ராஜி' என்றால் சம்மதம், 'நாமா' என்றால் பத்திரம். தமிழிலும் கன்னடத்திலும் மராத்தியிலும் பதவி விலகல் என்ற பொருளில் நிலைத்துவிட்டது; இங்கே பதவி விலகல் 'இஸ்தீஃபா'. டெல்லி ஆபீஸில் எச்.ஆரிடம் போய் 'ராஜினாமா' என்றால் விழிப்பார்கள்.

ராஜினாமாவில் யாருக்கு எழுதுவது என்பதும் முக்கியம். குடியரசுத் தலைவர் துணைக் குடியரசுத் தலைவருக்கு எழுத வேண்டும். அவர் அதை உடனே சபாநாயகருக்குத் தெரிவிக்க வேண்டும். துணைக் குடியரசுத் தலைவரும் நீதிபதிகளும் குடியரசுத் தலைவருக்கு. சபாநாயகர் துணைச் சபாநாயகருக்கு. மக்களவை உறுப்பினர் சபாநாயகருக்கு. நீக்கல் நடைமுறையின் நடுவில் ஒருவர் ராஜினாமா செய்தார் என்று செய்தி வந்தால், கடிதம் யாருக்குப் போனது என்பதையும் அதில் தேதி குறிப்பிட்டிருக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள். நீதிபதி இனி வரப்போகும் ஒரு தேதியைப் போட்டிருந்தால் அந்தத் தேதி வரை அவர் பதவியில்தான் இருக்கிறார். டெல்லியில் வாடகைத் தகராறு, விபத்து வழக்கு என்று கோர்ட்டுப் பக்கம் போக நேரும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை: எதிர்த்தரப்பு வக்கீல் 'ராஜினாமா' என்று ஒரு தாளை நீட்டினால் அது சமரசப் பத்திரம். நிபந்தனைகளை வரிவரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.